நாற்பத்தொன்றாவது முட்டை

அன்றைக்குப் பிள்ளைகள் 41. முட்டை அட்டை ஒன்றில் 30 இருக்கும். அடுத்த அட்டையிலிருந்து 11 எடுத்தால் கணக்கு சரி. நான் 10 எடுத்திருக்கிறேன். வரிசையில் கடைசியாக நின்ற இரண்டாம் வகுப்புப் பையன் தன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"விடுங்க டீச்சர். நீங்க என்ன செய்வீக, மருந்து பண்ணுத வேலை" என்றார் எங்கள் சமையலர் அக்கா. சொல்லிக்கொண்டே ஒரு சின்னச் சட்டியில் முட்டையைப் போட்டு அடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பையன் கையில் முட்டை. அவனுக்கு விஷயம் அதோடு முடிந்தது. எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. இது 2019 ஜூலையில்.

நான் மணியாச்சிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வருடக்கணக்காக அதே அடுப்படி, அதே இரும்பு அலமாரி. சோறு போடுகிற வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் இது கணக்கெழுதுகிற வேலை. பிள்ளை ஒன்றுக்கு அரிசி 100 கிராம், 41 பிள்ளைகளுக்கு 4.100 கிலோ. பருப்பு, எண்ணெய், உப்பு, முட்டை எல்லாவற்றுக்கும் இருப்பு ஏடு உண்டு. மூட்டையில் கிடப்பதும் ஏட்டில் கிடப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் "மறந்துட்டேன் சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. எங்கள் வேலையில் மறதிக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள்.

2018 ஆவணியில் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. மதுரையில் ஆபரேஷன். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை 21 நாளைக்கு ஒருமுறையாக எட்டு கீமோ. அதில் முதல் நான்கும் சிவப்பு மருந்து. அப்புறம் ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஜூனில் பள்ளி திறந்ததும் தலையில் ஒரு விரற்கடை முடியோடு வேலைக்குப் போய்விட்டேன்.

இரண்டாவது கீமோவின்போது பக்கத்துக் கட்டிலில் விளாத்திகுளத்து அக்கா ஒருவர். நல்ல மனுஷி. எனக்கு வாந்தி வந்தபோது தன் கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்ஸோடு எழுந்து வந்து தலையைப் பிடித்துக்கொண்டவர். அவர்தான் சொன்னார்: "சிவப்பு மருந்து ஏத்துனா முடி மட்டும் போகாது தாயி, புத்தியும் மழுங்கிரும். எங்க ஊர்ல ஒரு வாத்தியாரம்மா கீமோ முடிஞ்சு வந்து, சொந்தப் பேத்தி பேரு தெரியாம நின்னாக."

கரிசலில் மழை பெய்த மறுநாள் நடந்தவர்களுக்குத் தெரியும். முதல் அடியில் செருப்பில் ஒட்டுகிற மண் கொஞ்சம்தான். அடுத்த அடியில் அந்த மண்ணோடு மண் ஒட்டும். பத்தடி போவதற்குள் காலைத் தூக்க முடியாது. அக்கா சொன்னது அப்படித்தான் என்னோடு ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தது. இந்தியாவில் 2022 கணக்குப்படி ஒரே வருடத்தில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்துக் கட்டில் வாய்த்திருக்குமோ!

முட்டை குறைந்த அன்று சாயங்காலமே ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். மறந்ததையெல்லாம் அதில் எழுதுவது என்று முடிவு. ஸ்டோர் ரூமுக்குள் போய், எதற்கு வந்தோம் என்று நின்றது. மகளைத் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டது. புளிக்குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டது. கண்ணாடியை பஸ்ஸில் விட்டது. ஆடி அமாவாசை என்றைக்கு என்று ஒரே நாளில் இரண்டு பேரிடம் கேட்டது. ஒரே மாதத்தில் 31 வரி சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் எடுத்துப் படித்துவிட்டு, "இதெல்லாம் எனக்குந்தான் நடக்கு. நான் என்ன கீமோவா போட்டேன்?" என்றார். கேலி செய்கிறார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஐப்பசியில் தணிக்கைக்காகப் பழைய ஏடுகளைக் கேட்டார்கள். அலமாரியின் அடித்தட்டில், கரையான் ஓரம் தின்றது போக மிச்சமிருந்த 2014 ஏட்டை எடுத்துத் தூசி தட்டினேன். சும்மா புரட்டினேன். ஜூலை 8: அரிசி 4.010 என்று எழுதி, அடித்து, மேலே 4.100. ஜூலை 15: முட்டை 1 குறைவு, மறுநாள் ஈடு செய்யப்பட்டது. கையெழுத்து என்னுடையது. அந்த மாதம் முழுக்க எண்ணினேன், 9 அடித்தல் திருத்தல். 2019 ஜூலை ஏட்டைப் பக்கத்தில் வைத்து எண்ணினேன். 7.

2014இல் எனக்கு ஒரு நோயும் கிடையாது. அன்றைக்கு ஒரு முட்டை குறைந்தபோது யாரும் எதையும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. அது எனக்கு ஞாபகத்தில்கூட இல்லை. இதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். இத்தனை மாதமாக நான் சுமந்த சுமை பொய்யா என்ன?

2020 பிப்ரவரியில் செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் இரண்டையும் சொன்னேன், நோட்டையும் ஏட்டையும். அவர் உளவியலாளரிடம் அனுப்பினார். என் மகள் வயதுப் பெண். முதலில் 12 சொற்களை வாசித்தார், திருப்பிச் சொல்லச் சொன்னார். மறுபடி வாசித்தார், மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும். அதன்பிறகு வேறு வேலை. 'க'வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் எத்தனை முடியுமோ அத்தனை சொல்ல வேண்டும். கம்பு, கடலை, கண்மாய், கருவேலம், கத்தரி, கழனி என்று ஓடினேன். பிறகு ஒரு தாள். வட்டங்களுக்குள் எண்ணும் எழுத்தும் சிதறிக் கிடந்தன. 1, அ, 2, ஆ, 3, இ என்று மாறி மாறித் தேடிக் கோடிழுக்க வேண்டும். அதில் கை நின்று நின்று போனது. கடைசியில், "முதல்ல சொன்ன சொல்லெல்லாம் இப்ப சொல்லுங்கம்மா" என்றார். நான் மூன்றோ நாலோ சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. வியர்த்துவிட்டது.

ஒன்பது சொல்லியிருக்கிறேன்.

சொல் ஞாபகம் என் வயதுக்கும் படிப்புக்கும் சரியான அளவில் இருக்கிறது என்றார். எண்ணும் எழுத்துமாகத் தாவுவதில் மட்டும் கொஞ்சம் மந்தம். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, சிரித்தபடி, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்கல்லம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப எல்லாம் என் பிரமைங்கிறீங்களா?" என்றேன். பழமொழிகளில் இதுதான் வம்பு. சொல்பவர் ஆறுதலாகச் சொல்வார்; கேட்பவருக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டியதுபோல இருக்கும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாந்தி எப்படி இருந்துச்சு? எந்தச் சாப்பாடாவது பிடிக்காமப் போச்சா?" என்று கேட்டார். கடம்பூர் போளி என்றேன்.

மதுரையிலிருந்து வரும்போது கோவில்பட்டி தாண்டி கடம்பூர், அதற்கப்புறம் மணியாச்சி. கடம்பூரில் ரயில் நின்றால் போளிக்காரர் குரல் வராமல் இருக்காது. முதல் கீமோ முடிந்து வரும்போது ஆசையாகச் சூடாக இரண்டு போளி வாங்கித் தின்றேன். அன்றிரவு வாந்தி, போளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மருந்தின் வேலை. ஆனால் மூன்றாவது கீமோவுக்கு அப்புறம், ரயில் குமாரபுரம் தாண்டும்போதே, போளி வாசனை வருவதற்கு முன்னாலேயே, எனக்கு வயிறு புரட்ட ஆரம்பித்துவிடும். இன்றைக்கும் தேங்காய்ப் போளி என்றால் தள்ளித்தான் உட்காருவேன்.

"அது பிரமையாம்மா?" என்று கேட்டார். இல்லை. வாந்தி வாந்திதான்.

அமெரிக்காவில் சியாட்டிலில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர் 1978இல் இதையே ஐஸ்கிரீமில் காட்டியிருக்கிறார். கீமோ எடுக்கும் பிள்ளைகளுக்கு, மருந்து ஏற்றுவதற்கு முன் புதுச் சுவையில் ஓர் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். பிற்பாடு அந்தப் பிள்ளைகளில் பலர் அதே ஐஸ்கிரீமை ஒதுக்கினார்கள். உடம்பு ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது, முடிச்சு விழுந்ததும் அடுத்த தடவை முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. வரப்போகிறது என்று எதிர்பார்ப்பதும் உடம்பின் வேலைதான், அதைத் தனியாகக் 'கற்பனை' என்று ஒதுக்க முடியாது. நான் உளவியலாளர் அறையில் இருந்து எடுத்துக்கொண்டு வந்தது இது ஒன்றுதான் என்றாலும் போதும்.

மறதி விஷயத்தில் இந்த எதிர்பார்ப்பைத் தோண்டியவர்கள் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தார். வேடிக்கை என்னவென்றால், கீமோவுக்குப் பின் மூளை மந்தப்படுவது நிஜம் என்று முதலில் அழுத்திச் சொன்னவர்களில் அவர்களும் உண்டு. 1998இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அதிக வீரியக் கீமோ எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளில் 32 சதவீதம் பேருக்கும், சாதாரண அளவு எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கும், கீமோவே எடுக்காத நோயாளிகளில் 9 சதவீதம் பேருக்கும் சோதனைகளில் குறை தெரிந்தது. அந்தக் குழுவில் இருந்த சன்னே ஸ்காஹன் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வேறொரு கேள்வியைக் கையில் எடுத்தார். 'கீமோவால் மறதி வரும்' என்ற செய்தி இப்படிப் பரவிக் கிடக்கிறதே, அந்தச் செய்தி நோயாளியை என்ன செய்கிறது? 2009இலும் 2012இலும் வந்த ஆய்வுகளில், கீமோவுக்கும் மறதிக்கும் தொடர்பு உண்டு என்பதை ஏற்கெனவே அறிந்திருப்பதும், கேள்வித்தாளை நிரப்புவதற்கு முன் அதை நினைவுபடுத்துவதும், மறதி பற்றிய புகாரைக் கூட்டுகின்றன என்று தெரிந்தது. தாங்களே ஊதிய சங்கின் ஓசை எங்கெங்கே போய் என்னென்ன செய்கிறது என்று தாங்களே போய்ப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஆட்களைப் பிடித்துப்போனது.

அதற்காக மறதியே பொய் என்று சொல்ல வரவில்லை. 2017இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 581 மார்பகப் புற்றுநோயாளிகளையும் நோயில்லாத 364 பெண்களையும் ஒப்பிட்டார்கள். கீமோ தொடங்குவதற்கு முன்பிருந்ததைவிட முடிந்தபின் சிந்தனைத் திறன் குறைந்ததாகச் சொன்னவர்கள் நோயாளிகளில் 45.2 சதவீதம், மற்றவர்களில் 10.4 சதவீதம். இவ்வளவு பேர் சும்மா சொல்ல மாட்டார்கள். ஆனால் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது: ஒருவர் 'எனக்கு மறக்கிறது' என்று சொல்வதும், சோதனையில் அவர் வாங்கும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் கைகோத்துப் போவதில்லை. அந்தப் புகார் கைகோத்துப் போவது களைப்போடு, தூக்கமின்மையோடு, பயத்தோடு, மனச்சோர்வோடு. சிலருக்குக் கீமோ தொடங்குவதற்கு முன்னாலேயே சோதனையில் குறை தெரிவதும் உண்டு. ஜெர்மனியில் மியூனிக்கில் கெர்ஸ்டின் ஹெர்மெலிங்க் என்பவர் 2017இல், இந்தக் குறைக்கும் 'உனக்குப் புற்று' என்ற சேதி தரும் அதிர்ச்சிக்கும் உள்ள உறவைக் காட்டினார். அந்தச் சேதியைக் கேட்டவர்களுக்கு இதற்கு ஆய்வு வேண்டாம். அன்றைக்கு நான் மதுரையில் எந்தப் பக்கம் பஸ் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது.

ஞாபகம் என்றதும் எங்கள் ஊர் ஸ்டேஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட இடம். ஸ்டேஷனுக்கே வாஞ்சி மணியாச்சி என்று பெயர். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் எங்கள் பெரியவர்கள், ரயில் எந்தப் பக்கம் நின்றது, எந்தப் பெட்டி, அவர் எப்படி ஓடினார் என்று கண்ணால் பார்த்ததுபோலச் சொல்வார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துவராது. அவர்களை யாரும் ஞாபகமறதிக்காரர் என்று சொன்னதில்லை. ஆளைப் பார்த்துத்தான் பட்டம் கட்டுகிறோம்.

என் வீட்டுக்காரர் கதை இன்னொன்று. அவருக்குக் கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். டீக்கடையில் யாரோ "அது காலை முடக்கிரும்" என்று சொல்ல, ஒரே வாரத்தில் இவருக்குக் கால்வலி. நிறுத்திவிட்டார். உளவியலாளர் பிற்பாடு சொன்ன ஆய்வு ஒன்றை அவரிடம் சொன்னேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து 2020இல் வெளிவந்தது. இதே மாதிரி பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திய 60 பேர். அவர்களுக்கு 12 மாதத்துக்கு 12 டப்பாக்கள்: நான்கில் நிஜ மாத்திரை, நான்கில் மருந்தில்லாத போலி, நான்கு வெறும் டப்பா. எது நிஜம், எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெறும் டப்பா மாதங்களில் சராசரி 8. போலி மாத்திரையில் 15.4, நிஜ மாத்திரையில் 16.3. அதாவது கூடுதலாக வந்த தொந்தரவில் 90 சதவீதம் மாத்திரையை விழுங்குகிறோம் என்பதாலேயே வந்தது. வலி பொய்யில்லை, வலித்தது நிஜம். பாதிப்பேர் திரும்ப மாத்திரை எடுக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை மாத்திரைப் பட்டை மேஜைமேல் இருந்தது.

என் விஷயத்தில் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 9.2. தூக்கம் எத்தனை மணி நேரம் என்றார். புற்று திரும்பாமலிருக்க நான் தினமும் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வந்தேன்; ராத்திரியில் திடீரென்று உடம்பு முழுக்க அனல் ஏறும், நனைந்த சேலையோடு எழுந்து வாசலில் உட்காருவேன். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கி எத்தனை மாதமாயிற்று! தூக்கமில்லாத, ரத்தமில்லாத மூளையை வைத்துக்கொண்டு 11 முட்டை எண்ணியவள்தான் நான். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாயங்காலம் மணியாச்சிச் சாலையில் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். நோட்டை நிறுத்தச் சொன்னார் உளவியலாளர். "எழுதணும்னா மறக்காததையும் எழுதுங்க" என்றார். ஒரு நாள் முயன்றேன். 41 பிள்ளைகள் பேர், அப்பா பேர், யாருக்கு முட்டை ஆகாது, யார் முட்டையை டிராயருக்குள் வைத்துத் தங்கச்சிக்குக் கொண்டுபோவான்… நாலு பக்கம் நிறைந்து கை வலித்து விட்டுவிட்டேன்.

அப்படியானால் விளாத்திகுளத்து அக்கா சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா? இதை ரொம்ப நாள் யோசித்தேன். எங்கள் பக்கம் நோயின் பேரையே சொல்ல மாட்டார்கள். 'கட்டி' என்பதோடு சரி. எனக்கே வீட்டுக்காரரும் அண்ணனும் இரண்டு வாரம் மறைத்தார்கள். அந்த இரண்டு வாரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மறைப்பதில் எனக்குச் சம்மதம் கிடையாது. நிஜமாகவே மந்தப்பட்டு, 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று வாய்விடாமல் தவிப்பவர்களுக்கு, இது மருந்தோடு வரக்கூடியதுதான் என்று ஒருவர் சொன்னால் பாதிப் பாரம் இறங்கும். அக்காவிடம் எனக்குள்ள குறை அவர் சொன்னதில் இல்லை, பாதியைச் சொன்னதில்தான். அந்த வாத்தியாரம்மாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று, பேத்தி பேர் எத்தனை நாளில் ஞாபகம் வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன தையில் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை. மறுநாள் முதல் கீமோ. அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து முடி, வாந்தி, செலவு என்று எல்லாம் கேட்டுவிட்டு, எழுந்து போகிற நேரத்தில், "மறதி வருமாமே மதினி?" என்றாள். எல்லாரும் எழுந்து போகும்போதுதான் கேட்கிறார்கள் இதை.

உட்காரச் சொன்னேன். "பல பேருக்கு வராது. சில பேருக்குக் கொஞ்ச நாள் மூளை பஞ்சடைச்ச மாதிரி இருக்கும், மாசம் போகப் போகத் தெளிஞ்சிரும். ரொம்பக் கொஞ்சப் பேருக்கு நிக்கும், அவுகளுக்கும் வழி இருக்கு. முதல்ல ரத்தம் எவ்வளவு, தூக்கம் எவ்வளவுன்னு டாக்டர்ட்டக் கேளு. திடீர்னு தலைவலி, பேச்சுக் குழறுது, வலிப்புன்னா அது வேற, அன்னைக்கே ஓடணும். மத்தபடி ஒரு நாள் சாவியத் தொலைச்சா, போன வருசம் எத்தனை சாவி தொலைச்சோம்னு ஒருக்கா நெனச்சுப் பாரு" என்றேன்.

"போன வருசம் பூட்டையே தொலைச்சேன்" என்றாள்.

அவள் போனபின் முட்டை எடுத்தேன். இந்த வருடம் பிள்ளைகள் 38. ஒரு அட்டை முழுசு, அடுத்ததிலிருந்து 8. சமையலர் அக்கா பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை எண்ணினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தமாக்சிஃபென் ஐந்து வருடம் முடிந்து நிறுத்தியாகிவிட்டது. அந்த 80 பக்க நோட்டு வீட்டில்தான் இருக்கிறது. முன்பக்கம் 31 வரி, பிறகு பிள்ளைகள் பேர் நாலு பக்கம். மிச்சத்தில் வீட்டுக்காரர் பால் கணக்கு எழுதுகிறார். அதிலும் அடித்தல் திருத்தல் நிறைய.